இரண்டு பேர் படகு

அமெரிக்காவின் மினசோட்டாவில் மீன்பிடி சீசன் தொடங்கும் சனிக்கிழமை. பனிக்காலம் முழுக்க ஹார்லனும் மனைவி ஆர்டிஸும் சேர்ந்து புதுப்பித்த பழைய அலுமினியப் படகு ஏரியில் இறங்கியது.

"முப்பத்தேழு ரிவிட் ஆணி மாத்தியிருக்கோம், ஒரு சொட்டு ஒழுகாது. ஆனா ரெண்டு பேருக்குத்தான் இடம். நீ கரையில இரு," என்று ஆர்டிஸிடம் சொல்லிவிட்டு ஹார்லன் தன் நண்பன் வெர்னை ஏற்றிக்கொண்டான். ஆர்டிஸ் படகின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விலகினாள்.

கயிற்றின் ஒரே இழுப்பில் மோட்டார் உறுமியது. படகு பறந்தது. இருவரும் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். நடு ஏரியில் வேகத்தைக் குறைத்ததும் காலடியில் தண்ணீர் ஏறியது.

ஹார்லன் போனில் அலறினான். "ஆர்டிஸ், எங்கேயோ ஓட்டை."

"நிறுத்தாத. வேகமா ஓட்டினா உள்ள வந்த தண்ணி தானா வெளிய போயிடும்."

"எவ்வளவு நேரம் ஓட்டறது?"

"வெர்னை இறக்கிவிட்டு என்னை ஏத்திக்கிற வரைக்கும்," என்ற ஆர்டிஸ், படகின் பின்பக்கத்தில் தண்ணீரை வடிக்கும் துளைக்குரிய ரப்பர் அடைப்பானைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.