சுவர் நகராது

மேலகரத்தில் சாரல் நின்றும் நிற்காத மதியம். குற்றால மலையை மூடிய மேகத்தின் சாம்பல் வெளிச்சம், முத்துவடிவின் சமையலறைச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஓடும் விரிசலில் விழுகிறது. பக்கத்து ஹாலோ பிளாக் பட்டறையில் மிஷின் அதிர்ந்து கல்லை இறுக்குகிறது, ஓய்கிறது, மறுபடி அதிர்கிறது. புகாரை விசாரிக்க வந்த அதிகாரி, அதிர்வு அளக்கும் கருவியைப் பைக்குள் வைக்கிறார். "சொல்லாம கொள்ளாம, நெனச்ச நேரத்துல எல்லாம் வந்து அளந்தாச்சு மேடம். சராசரி பாத்தா ஒரே சீராத்தான் இருக்கு." முத்துவடிவு வாசலை மறித்து நிற்கிறாள். "சீராத்தான் தெரியும் சார். தாளத்தோட வர்ற அதிர்வை நெனச்ச நேரத்துல தொட்டுத் தொட்டு அளந்து சராசரி போட்டா, தாளம் கரைஞ்சு குளத்துத் தண்ணி மாதிரி மட்டமாயிரும். காலேஜ்ல நான் நடத்துத பாடமே அதுதான். கணக்குல தப்பே இல்ல. ஆனா நெனச்ச நேரத்துக்கு வந்துட்டுப் போறது நீங்க. இந்தச் சுவரு இங்கனயேதான் நிக்குது. ஒரு அடி விடாம வாங்குது." அதிகாரி வாய் திறக்கையில் மிஷின் அதிர்கிறது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுக்கின்றன. விரிசலிலிருந்து சுண்ணாம்புத் தூள் அவர் தோளில் உதிர்கிறது. அவர் தட்டிவிடுகிறார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டு, மறுபடி வாசலுக்கே போய் நிற்கிறாள். "உக்காருங்க சார். அடுத்து மிஷின் எப்பத் தொடங்குதோ, அப்ப நீங்களும் அளக்கத் தொடங்குங்க. அதுவரைக்கும் நான் வழிவிட மாட்டேன்."