கோட்டைக்குத் தெரிந்த சத்தம்

வெள்ளைக்காரன் பீரங்கி வைத்திருந்த துறைமுகக் கோட்டையில், கடைசிச் சண்டையின்போது தானே பார்த்துக் கேட்டுச் சுடும் துப்பாக்கியை வைத்தார்கள். சண்டை முடிந்ததும் காவலுக்கு இருந்தவர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். துப்பாக்கியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊர் வள்ளங்களின் இன்ஜின் சத்தமெல்லாம் அதற்கு மனப்பாடம். தெரிந்த சத்தம் இல்லாமல் எந்த வள்ளம் வந்தாலும் சுட்டுவிடும்.

அதனால்தான் மீனவர் ரெமிஜியுஸ் தன் வள்ளத்துக்குச் சத்தமில்லாத பேட்டரி இன்ஜினை மாற்றியபோது, பழைய டீசல் இன்ஜினின் சத்தத்தைப் பதிந்து ஸ்பீக்கரில் போட்டபடியே கரைக்கு வந்துகொண்டிருந்தார். பழையதைக் காயலான் கடைக்குக் கொடுக்க அவர் மனைவி பிளாரன்ஸ் விடவில்லை. அது கொல்லையில் கிடந்தது.

இன்று காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தபோது, கடலிலிருந்து ரெமிஜியுஸின் குரல் வாக்கிடாக்கியில் கரகரத்தது.

“ஏட்டி, ஸ்பீக்கர்ல தண்ணி ஏறிட்டு. சத்தமே வரல. நீரோட்டம் உள்ள இழுக்கு, திரும்பவும் முடியல.”

“துப்பாக்கி?”

“என்னையத்தான் பாக்குது.”

கொல்லைக்கு ஓடினாள். கேனிலிருந்து டீசலை ஊற்றி, ஹேண்டிலைச் செருகி மூச்சைப் பிடித்துச் சுற்றினாள். இன்ஜின் இருமி, புகை கக்கி, ஊரே கேட்கும்படி ஓடத் தொடங்கியது.

“ஏட்டி, என்னைய விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டு!” ரெமிஜியுஸ் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஏட்டி... அது நம்ம வீட்டப் பாக்குது. இன்ஜின அமத்து!”

கடலில் கேட்க வேண்டிய சத்தம் கரையிலிருந்து வந்ததை அது நம்பவில்லை.

பிளாரன்ஸ் கேனில் மிச்சமிருந்த டீசலையும் ஊற்றினாள்.

“நீங்க மொதல்ல கரையேறுங்க.”