புள்ளிகளுக்குள் ஓர் எண்

எல்லாப் புள்ளிகளும் பச்சையாகவே அச்சாகி வந்தன.

தாவீது அந்தத் தாளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஆரஞ்சுப் புள்ளிகள் கூடி நின்று நாற்பத்தாறு என்று காட்டின. தாளில் வெறும் பச்சை. எண்ணைக் காணோம்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெயவேலு எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே கீது தம்பி? குடு, போதும்."

"ஐயோ அண்ணா, இத எடுத்துட்டுப் போனா பையன் ஃபெயில்தான்."

ஜெயவேலு செம்பாக்கத்துக்காரர். மின்சார ரயில் ஓட்டுபவர். மகனுக்கும் ரயில்வேயில் வேலை வரப்போகிறதாம், நாளைக்கு மெடிக்கல். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லத் தெரியாவிட்டால் வேலை கிடையாது. யாரோ ஒரு கண் டாக்டரிடம் கெஞ்சி இந்தப் பரிசோதனைப் புத்தகத்தை ஒரு மத்தியானத்துக்கு வாங்கி வந்திருந்தார். பையன் வீட்டில் பழகிப் பார்க்க நகல் வேண்டும்.

முடிச்சூர் ரோட்டில் கலர் பிரிண்டர் இருந்தது தாவீதின் மாடிக் கடையில் மட்டும்தான். அதில் ஏதாவது கோளாறு என்றால், தானே சரிசெய்து பார்க்கலாம் என்று அவருக்குக் குஷி.

சோதனைத் தாள் ஒன்றை அச்சடித்தார். நீலக் கோடு சரியாக விழுந்தது. மெஜந்தா என்கிற அடர் ரோஸ் நிறக் கோடு விழவேண்டிய இடம் வெள்ளை. மஞ்சள் கோடு பச்சையாக இருந்தது.

"பாருங்கண்ணா, இதுக்குள்ள சிவப்பு மையே கிடையாது. பச்சை மையும் கிடையாது. மொத்தம் மூணே மை. மஞ்சளோட மெஜந்தா சேந்தா சிவப்பு, ஆரஞ்சு. மஞ்சளோட நீலம் சேந்தா பச்சை. நான் ஊசி போட்டு நிரப்பின மை பழசாயிடுச்சு. மெஜந்தா காஞ்சு அடைச்சுக்கிச்சு. நீலம் கசிஞ்சு மஞ்சளுக்குள்ள போயிடுச்சு. கம்ப்யூட்டர் ஆரஞ்சு கேட்டாலும் இது பச்சையத்தான் துப்பும்."

"செவப்பு கேட்டா பச்ச காட்டுதா?" ஜெயவேலு சிரித்தார். "பேஜார் புடிச்ச மெசினுப்பா."

தாவீது பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரில் ஒரு துணியை நனைத்து, மைப்பெட்டியின் அடிப்பக்கத்தை அதன்மேல் மெல்ல வைத்து அழுத்தினார். அவசரப்படக் கூடாது. சூடு ஏறினால் காய்ந்த மை தானாக இளகும்; கலந்த மையைத் துணியே உறிஞ்சிக்கொள்ளும்.

"தினம் ஒரு பக்கம் அடிச்சா மை காயாதுன்னு காந்திமதி சொல்லிட்டே இருப்பா. நான்தான் கேக்கல."

"உன் வூட்டுக்காரம்மாதானே? எக்மோர்ல ஏறுவாங்க. சாயங்கால வண்டில, முன்னாடி லேடீஸ் பொட்டி. என் முதுகுக்குப் பின்னாலதான் குந்திகினு வருவாங்க."

துணியில் முதலில் பச்சைக் கறை படர்ந்தது. இடத்தை மாற்றி மாற்றி ஒற்றியதில் பச்சை வெளுத்து, கடைசியில் அரைத்த மஞ்சளின் நிறம் வந்தது. அதன் பக்கத்தில் பீட்ரூட் சாறு போல மெஜந்தா கசிந்தது. தாவீதுக்குக் கைதட்டத் தோன்றியது.

மறுபடி அச்சடித்தார். நாற்பத்தாறு எழுந்து நின்றது.

"இப்ப நீங்களே சொல்லுங்கண்ணா, என்ன நம்பர்?"

ஜெயவேலு தாளைக் கிட்டே பிடித்தார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"கீது, கீது," என்றார். பிறகு, "எல்லாத்தையும் அடிச்சு, ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலயும் நம்பர எழுதிக் குடுத்துடு. பையனுக்கு சுலபமா இருக்கும்."

தாவீது எல்லாப் பக்கங்களையும் அச்சடித்து அடுக்கினார். முதலில் வந்த வீணான தாள் பக்கத்திலேயே கிடந்தது. ஜெயவேலு தாள்களைச் சேர்க்கக் கை நீட்டி, அந்தப் பச்சைத் தாளைத்தான் எடுத்து அடுக்கின் மேல் வைத்தார். டூட்டிப் பையைத் திறந்தார்.

பைக்குள் டிபன் டப்பா. அதன் பக்கத்தில் சுருட்டிய இரண்டு கொடிகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்புக் கொடியின் கம்பில் மட்டும் கெட்டியாக நூல் சுற்றியிருந்தது, விரல் பட்டாலே தெரியும்படி.

தாவீது கொடிகளையே பார்த்தார். ஜெயவேலு அதைக் கவனித்துவிட்டார்.

"பையன்..." என்றார் தாவீது.

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்க." ஜெயவேலுவின் குரல் இறங்கிவிட்டது. "போன மெடிக்கல்ல எல்லாம் நல்லா தெரிஞ்சுது தம்பி. வண்டிய உட்டு எறக்கிட்டா ஆபீஸ்ல ஃபைல் தூக்கச் சொல்வானுங்க. முப்பது வருசம் ஓட்டின கையி இது. யார்கிட்டயும் சொல்லிடாத."

கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. தாவீது முன்பெட்டியை நினைத்தார். காந்திமதி எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவாள். தாம்பரம் வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

பச்சைத் தாளை எடுத்துக் கசக்கிக் கூடையில் போட்டார். பேனாவைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிதாக எழுதினார்.

ஜெயவேலு அவர் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் தம்பி. உன் குடும்பம் நல்லா இருக்கணும்."

மாடிப்படியில் இறங்கும்போதே அவர் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நிறுத்தி நிறுத்திச் சொல்லும் குரல் மேலே கேட்டது.

"மொதத் தாளு, எழுபத்தொம்போது. எழுபத்தொம்போது. மொதத் தாளு..."

கம்ப்யூட்டர் திரையில் முதல் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. பச்சைக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில், நாற்பத்தாறு.