திரையில் நின்ற புள்ளி

"மழைக்குப் பயந்து உன் புருஷன் வீட்டுலயே கெடக்கான். இந்தா, மேப்புல ஜீப் உங்க தெருவுலதான் நிக்குது!" வெள்ள நிவாரண அறையில் ஹாம் ரேடியோக்காரர் ரொனால்டு கணினித் திரையைக் காட்டினார்.

"வீட்டுலருந்துதானே சார் வாரேன்!" அல்போன்சா கத்தினாள். சிறுமலைக்கு மருந்து ஏற்றிப்போன சவரிமுத்து இன்னும் திரும்பவில்லை. "தேட ஆள் அனுப்புங்க!"

"அம்புட்டுப் பேரும் வெள்ள வேலையில இருக்காங்க. ஜீப்புல நான் மாட்டுன ரேடியோ ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் இடத்தைச் சொல்லுது. மிஷின் பொய் சொல்லாது தாயி," என்றார் ரொனால்டு.

மறுநாள் மலைச்சரிவில் ஜீப் கிடைத்தது. சவரிமுத்துவின் உயிர் பிரிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஜீப்பிலிருந்த ரேடியோ அப்போதும் அவள் தெருவையே சொல்லிக்கொண்டிருந்தது.

அல்போன்சா ரொனால்டின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்க வாசல்ல வச்சு டெஸ்ட் பண்ணுறப்போ, ரேடியோவுல இடத்தை நான்தாம்மா கையால அடிச்சுக் கொடுத்தேன்," என்றார் அவர். "தானா இடம் பாக்குற ஜி.பி.எஸ்ஸுக்கு மாத்த மறந்துட்டேன்."