மழை நாளில் ஐந்தாம் வகுப்பு

பின்னக் கணக்கு நடத்துவதைப் பாதியில் நிறுத்திவிட்டு டீச்சர் கைபேசித் திரையை நோக்கிக் குனிந்தாள்.

ஓரத்துக் கட்டத்தில் மூடுபனி. பனிக்குள் ஒரு நீல பிளாஸ்டிக் தாள். தாளுக்குள் ஜெனிஷாவின் முகம்.

மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். மேலே சீருடைச் சட்டை. கீழே என்னவென்று அவரவருக்குத்தான் தெரியும். ஒருவன் வாயில் முறுக்கு. ஒருத்தியின் மடியில் பூனை.

ஜெனிஷா மட்டும் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள்.

தேயிலைக்கு மேலே இருக்கிற பாறை. அவர்கள் எஸ்டேட்டில் அங்கே ஏறினால்தான் சிக்னல் எட்டிப் பார்க்கும். வெயில் நாளிலேயே கால் வழுக்குகிற இடம்.

இன்று பள்ளிக்கு விடுமுறை. விடியும் முன்பே கலெக்டர் அறிவித்துவிட்டார். மண் சரியலாம், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று டிவியின் அடியில் எழுத்து ஓடியது.

அதன் பிறகுதான் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. வழக்கமான நேரத்துக்கு ஆன்லைன் வகுப்பு. வராவிட்டால் ஆப்சென்ட். ஆப்சென்ட் என்றால் அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டுவிட்டு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

டீச்சர் சிறுமியாக இருந்தபோது மழை லீவு என்றால் லீவுதான். யாரும் கூப்பிட முடியாது. கலைத்த போர்வையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம்.

வெளியே விடாதீர்கள் என்று சொன்ன நாளில் இந்தப் பிள்ளை பாறை ஏறியிருந்தாள்.

"ஜெனிஷா, நீ வீட்டுக்குப் போம்மா."

"போனா நெட்டு இருக்காது மிஸ். ஆப்சென்ட் விழும். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருக்கு. ஸ்கூலுக்கு வரச் சொன்னா என்னையத்தான் திட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தாளிலிருந்து வழிந்த தண்ணீர் அவள் மூக்கு நுனியில் நின்று சொட்டியது.

பரவாயில்லை, நான் பிரசன்ட் போட்டுக்கொள்கிறேன். இதைச் சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தாள். அதற்குள் கண் வேறொரு கட்டத்தில் பட்டது.

கட்டங்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டம். அதில் பள்ளிச் சின்னம் மட்டும்.

பிரின்சிபல் மேடம்.

மழை நாள் வகுப்புகளுக்கு அவர் இப்படித்தான் வந்து உட்காருவாராம். முகம் காட்டமாட்டார். பேசமாட்டார். இருக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் மழை இது. வேலை இன்னும் உறுதியாகவில்லை. போன மழையில் வகுப்பைச் சீக்கிரம் முடித்த ஒருத்தியின் இடத்துக்குத்தான் அவளை எடுத்திருந்தார்கள்.

பாறையில் காற்று அடித்தது. நீலத் தாள் ஒரு பக்கமாகப் பறந்தது. ஜெனிஷா அதைப் பிடிக்க எட்டினாள்.

ஒரு கணம் அந்தக் கட்டம் முழுக்க வானம்.

பிறகு மறுபடி முகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

டீச்சர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தாள். உதடு அசைந்தது. விரல் கணக்கைத் தொட்டுக் காட்டியது.

குரலை மட்டும் வெளியே விடவில்லை.

"மிஸ், கேக்கல மிஸ்."

"மிஸ், நீங்க மியூட்ல இருக்கீங்க."

"மியூட்லாம் இல்லடா. மைக் ஆன்லதான் இருக்கு, கண்ணத் தொறந்து பாரு."

அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். கையை விரித்தாள். கைபேசியை இரண்டு தட்டுத் தட்டினாள். நெட்டுக் கோளாறில் வகுப்பு நின்றால் பழி யார்மேலும் விழாது. மழைமேல்தான் விழும்.

முறுக்குக்காரன் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"மிஸ், மழை சத்தம் மட்டும் நல்லா கேக்குது மிஸ்."

அவள் உதடு பாதி வார்த்தையில் நின்றது.

தலைக்கு மேலே தகரக் கூரை. மழை அதில் கொட்டி முழக்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதற்குள்ளேயே இருந்ததில் அவளுக்கு அது கேட்காமலே போயிருந்தது.

பூனையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. யாருக்கோ ஏதோ ஆகப்போகிறது என்று பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

கறுப்புக் கட்டத்தில் மைக் திறந்தது.

முதலில் ஒரு இருமல்.

"எனக்கு மழை சத்தமும் கேக்கல. இங்கயும் கோளாறுதான் போல. இன்னைக்கு இது போதும். எல்லாருக்கும் பிரசன்ட்."

பூனை மடியிலிருந்து குதித்தது. யாரோ தட்டைத் தட்டினார்கள்.

"ஜெனிஷா." அதே குரல், இன்னும் கொஞ்சம் மெதுவாக. "நின்னுக்கிட்டு எறங்காத. உக்காந்தே எறங்கு. கைய ஊணிக்கோ."

"சரிங்க மேடம்."

ஓரத்துக் கட்டம் ஆடியது. ஈரப் பாறை வந்தது. புல் வந்தது. ஒரு ரப்பர் செருப்பு வந்தது. பிறகு இரண்டு பக்கமும் தேயிலைச் செடி, நடுவே வழி.

அப்புறம் கட்டம் மறைந்துபோனது.

சிக்னல் இல்லாத இடத்துக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மற்றக் கட்டங்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. மைக்கை மூட மறந்த வீட்டில், "அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு, பொய் சொல்றியா?" என்று கேட்ட ஒரு அம்மாவின் குரலும் நடுவில் அறுந்தது.

இரண்டு கட்டங்கள் மிஞ்சின. அவள் முகம் ஒன்றில். பள்ளிச் சின்னம் ஒன்றில்.

யார் முதலில் போவது என்று தெரியவில்லை.

இப்போது வாய்விட்டுப் பேசினால் தன் பொய்யைத் தானே ஒப்புக்கொண்டதாகும். பேசாமல் போகவும் மனம் வரவில்லை.

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். உதட்டை மட்டும் அசைத்தாள். ஒரே ஒரு சொல்.

கூரைமேல் மழை பெய்தது.

"கேட்டுச்சு, மிஸ்" என்றது கறுப்புக் கட்டம்.