ஜாதிக்காயை விற்கும் நாள்

“ரெண்டே முக்கால் மணி நேரமுங்க,” என்றாள் தாமரைச்செல்வி. “பதினாலு மாட்டை ஓட்டிட்டு வர.”

மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டிக்குள் நுழைந்தன. கடைசி மாடும் உள்ளே போன பிறகுதான் அவள் கணவர் சேனாபதி குதிரையிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினார்.

“ஓடைப்பக்கம் போயிருச்சு அம்மிணி. மரக்கூட்டத்துக்குள்ள பூந்துட்டா எடுக்கறது கஷ்டம்.”

“கடிவாள வாரைக் கையிலகூடப் பிடிக்கல. குதிரை கழுத்துமேல போட்டுட்டு எங்கியோ பார்த்துட்டு வர்றீங்க. தூக்கமா?”

“கை வலிச்சுது.”

இருவருக்கும் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. கடல் தாண்டி வந்து காப்பெல் நகரத்தில் இருபது வருஷம் சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, போன வருஷம் அவர் ஓய்வு பெற்றார். டென்டன் ஊருக்கு மேற்கே இந்த வீட்டை வாங்கி, அதன் பின்னால் நானூறு ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கும் எடுத்தார்கள். வீட்டோடு ஒரு பழுப்பு நிறக் குதிரையும் வந்தது. பழைய சொந்தக்காரர் அதற்கு நட்மெக் என்று பெயர் வைத்திருந்தார். சேனாபதி அதை அப்படியே தமிழாக்கி ஜாதிக்காய் என்று கூப்பிட்டார். இரண்டே நாளில் அது அந்தப் பெயருக்கும் காதைத் திருப்பியது.

வாசலில், மேடு பள்ளத்திலும் ஓடும் சிவப்பு ஏடிவி வண்டி நின்றுகொண்டிருந்தது. குதிரைக்குப் பதிலாகத் தாமரை அதை வாங்கிப் பத்து நாளாகிறது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, விளக்குக்குப் பொட்டும் வைத்துவிட்டாள். அவர் அதில் ஒருமுறைகூட உட்காரவில்லை.

“வண்டி சத்தத்துக்கு சினை மாடு மிரளும்,” என்றார் இப்போதும்.

“பக்கத்துப் பண்ணை க்ரிஷ் மாடெல்லாம் மிரளுதா? அவன் தீவனத்தை வண்டியில வெச்சு ஹார்ன் அடிக்கறான், பின்னாடியே ஓடி வருது.”

“ஓடைச் சேத்துல வண்டி மாட்டிக்கும்.”

“இழுக்க வின்ச் இருக்குதுங்க. காசு குடுத்துத்தான் வாங்கியிருக்கேன்.”

“டீசல் கியீசல்...”

“பெட்ரோலுங்க. எது ஊத்தணும்னுகூடத் தெரியாம குறை சொல்றீங்க.” அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “ஆறு மாசமா காரையும் என் தலையில கட்டியாச்சு. ஃப்ரீவேயில கண்ணு கூசுதாம். கார் வேண்டாம், வண்டி வேண்டாம், குதிரைதான் வேணும். கௌபாய் தொப்பி ஒண்ணுதான் பாக்கி.”

அவர் ஜாதிக்காயின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “போன மாசம் மூணு தடவை இருட்டினப்புறம் வந்தீங்க. நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு தூசி தெரியுதான்னு பார்த்துட்டே இருக்கேன். குதிரை தள்ளிவிட்டு எங்கியாவது கிடந்தீங்கன்னா நான் எங்க போய்த் தேடுவேன்? அதுக்குத்தான் இதை விக்கலாம்னேன். எனக்கு மட்டும் இது போறது சந்தோசமா?”

“இது தள்ளிவிடாது.”

“பதினேழு வயசுக் குதிரைக்கு நீங்க ஜாமீனா?”

குதிரை ஏற்றும் டிரெய்லர் வரும் சத்தம் கேட்டது. க்ரிஷ் வந்துவிட்டான். அவன் இந்த நாட்டிலேயே பிறந்தவன். மகளுக்குக் குதிரை ஓட்டப் பழக்க ஜாதிக்காயை விலைக்குக் கேட்டிருந்தான்.

“ஹாய் ஆன்ட்டி. அங்கிள், ஷீ இஸ் பியூட்டிஃபுல்,” என்றான். “எப்ப வேணாலும் வந்து ரைடு பண்ணுங்க. சேம் ஹார்ஸ், சேம் அங்கிள்.”

டிரெய்லரின் பலகையைச் சாய்த்தான். சேனாபதி குதிரையை நடத்திக்கொண்டு போனார். முன்னங்கால்களைப் பலகையில் வைத்த ஜாதிக்காய் நின்று, திரும்பி அவரைப் பார்த்தது. அவர் கயிற்றை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளகினால் வேலை கெட்டுவிடும்.

“க்ரிஷ், அவருக்கு வண்டியைக் கொஞ்சம் காட்டிக் குடுப்பா. தொடவே பயப்படறாரு.”

“பத்து நிமிஷம் போதும் அங்கிள்.” க்ரிஷ் ஏடிவியில் ஏறித் திரையைத் தட்டினான். “ஜிபிஎஸ் இருக்கு. சிக்னல் இல்லாட்டியும் ஒர்க் ஆகும். வீட்டை ஹோம்னு சேவ் பண்றேன். உங்க அட்ரஸ் சொல்லுங்க.”

சேனாபதி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

“அங்கிள்?”

அவர் கண்கள் வாசல் தூணுக்குப் போயின. பாதையோரத் தபால் பெட்டிக்குப் போயின. அதன் எண் சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“நம்பர் சொல்றதுக்கு என்னங்க, இவ்வளவு கோபமா?” என்றாள் தாமரை. அவளே சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இன்னும் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

ஜாதிக்காய் பலகையிலிருந்து தானாகவே காலை எடுத்து, பின்னால் வந்து அவர் தோளருகில் நின்றது.

“ரெண்டு மாசமா நான் மாடு ஓட்டல, தாமரை,” என்றார் மெதுவாக. “ஓடைக்கிட்டப் போனதும் வாரை விட்டுடறேன். மாட்டையும் என்னையும் சேர்த்து இதுதான் ஓட்டிட்டு வருது. எனக்கு வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்கறதில்ல.”