அப்பா குளிக்கிறாங்க

ஒன்பது வயது மகளைத் தனியே விடலாமா என்று பார்க்க, நானும் மனைவியும் ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்தோம்.

"யாராச்சும் வந்தாங்களா?" என்றாள் மனைவி.

"கூரியர்காரர் வந்தாரு. ஸ்டூல்ல ஏறி கதவு ஓட்டை வழியாப் பார்த்தேன். அப்பா குளிக்கிறாங்க, வாசல்லயே வெச்சிட்டுப் போங்கன்னேன்."

"பரவாயில்லையே. முதல் தடவையே இப்படியா? யாரு சொல்லிக்கொடுத்தா?"

"அப்பாதான்."

மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

மகள் என் காதருகே வந்தாள்.

"சனிக்கிழமை அம்மா டியூட்டிக்குப் போனதும் நீங்க சீட்டாடப் போறதை நான் சொல்லவே இல்லப்பா."

"ம்."

"தனியா இருக்கிறது டிரெயினிங்னு சொன்னீங்கல்ல, இப்போ பாஸாயிட்டேன். இனிமே சனிக்கிழமை என்கூடவே இருப்பீங்கல்ல?"